பன்னிரண்டு மில்லிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹாஸ்டல் மெஸ்ஸில் சிக்கன் போடும் நாள் என்பதால் க்யூ வாசல்வரை நின்றது. அவன் சைவம். சாம்பாரும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். திடீரென்று வலது கை தானாகத் துள்ள ஆரம்பித்தது. தட்டு கீழே விழுந்தது. முகம் ஒரு பக்கமாக இழுத்தது. அப்புறம் அவனும் விழுந்தான்.

அடுத்த இரண்டு நிமிடங்களில் அங்கே நடந்தது தமிழ்நாட்டில் எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஒருவன் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துவந்து கையில் திணித்தான். இன்னொருவன் பல் கிட்டித்துக்கொள்ளும் என்று வாய்க்குள் ஸ்பூனை நுழைக்கப் பார்த்தான். மூன்றாமவன் முகத்தில் தண்ணீர் அடித்தான். வலிப்பு தானாக நின்றது. "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்றான் சாவி கொடுத்தவன். இரண்டாம் வருட மெக்கானிக்கல் மாணவன். இரும்பைப் பற்றி அவனுக்குத் தெரியாதா என்ன!

மாலையில் ஸ்கேன். இரவே பஸ் ஏறிய அப்பாவும் அம்மாவும் திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இடது பக்க மூளையில், மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன வெள்ளை வளையம். அதைச் சுற்றி வீக்கத்தின் சாம்பல் நிழல். வளையத்தின் குறுக்களவு 12 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

"மூளைக்கட்டியா டாக்டர்?" என்றார் அப்பா.

"கட்டின்னு சொல்லிடலாம். ஆனா நீங்க நினைக்கிற கட்டி இல்ல. இது ஒரு தொற்று."

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல. வெட்டி எடுத்துடுங்க."

"வெட்ட வேண்டாம்" என்றார் டாக்டர்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. வெட்ட வேண்டாம் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்று அவர் நினைத்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் நெல் போடுகிறவர். பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினால் அதற்கு என்ன பொருள் என்பதை ஊரில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறார்.

அந்தப் பயம் அநியாயமானது அல்ல. மண்டைக்குள் தொற்று என்பது மிக நீண்ட காலம் மரண தண்டனையாகத்தான் இருந்தது. "வெட்ட வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தைகளைத் தைரியமாகச் சொல்ல டாக்டர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அதிலும் ஒரு முக்கியமான பகுதி, அவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து அதிக தூரமில்லாத வேலூரில் நடந்தது.

கிளாஸ்கோவில் ஒரு பையன்

1876-ம் வருடம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். வில்லியம் மெக்கிவன் என்ற இளம் அறுவை மருத்துவரிடம் 11 வயதுப் பையன் ஒருவன் வந்தான். வலிப்பு வந்தது, பேச்சு போய்விட்டது. அப்போது ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரேகூட 1895-ல்தான் வந்தது. பேச்சை இயக்கும் இடம் மூளையின் இடது முன்பக்கத்தில் இருக்கிறது என்று பிரான்ஸில் ப்ரோக்கா சொல்லிச் சில வருடங்களே ஆகியிருந்தன. மெக்கிவன் அதை வைத்தே கணக்குப் போட்டார். சீழ்க்கட்டி இன்ன இடத்தில் இருக்கிறது, மண்டை ஓட்டில் துளை போட்டு வடித்துவிடலாம் என்றார்.

குடும்பம் சம்மதிக்கவில்லை. பையன் இறந்துபோனான். இறந்த பிறகு திறந்து பார்த்தபோது மெக்கிவன் சொன்ன அதே இடத்தில் சீழ் இருந்தது.

இதைப் படிக்கும்போது அந்தக் குடும்பத்தின் மேல் கோபம் வரலாம். ஆனால் 1876-ல் மண்டையைத் திறந்தால் பிழைப்பவர்கள் குறைவு. மறுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் சரியான முடிவு.

மெக்கிவன் விடவில்லை. காயத்தைக் கிருமி அண்டாமல் வைத்துக்கொள்ள கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை அதே கிளாஸ்கோவில் லிஸ்டரிடம் கற்றவர் அவர். 1893-ல் மூளைச் சீழ் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மூளைச் சீழ்க்கட்டிக்காக அவர் அறுவை செய்த 19 பேரில் 18 பேர் பிழைத்திருந்தார்கள். ஆன்டிபயாடிக் இல்லை, ஸ்கேன் இல்லை, ரத்தம் ஏற்றும் வசதி இல்லை. இந்தக் கணக்கை அதற்குப் பிறகு எண்பது வருடங்களுக்குப் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளாலும் தொட முடியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

காது வழியாக வந்த மரணம்

அந்தக் காலத்தில் மூளைக்குள் சீழ் எங்கிருந்து போனது? பெரும்பாலும் காதிலிருந்து. நடுக்காதுக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் எலும்பு சில இடங்களில் முட்டை ஓடு மாதிரி மெல்லியது. குழந்தைக்கு மாதக்கணக்கில் காதில் சீழ் வடிந்தால் அது எலும்பை அரிக்கும். மேலே போனால் பொட்டெலும்புப் பக்கத்து மூளையில் கட்டி. பின்னால் போனால் சிறுமூளையில் கட்டி. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளிலிருந்து போனால் நெற்றிப் பக்க மூளையில் கட்டி. சொத்தைப் பல்லிலிருந்தும் போகும்.

இன்னொரு வழி இதயம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்து உடம்பு நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு, அசுத்த ரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமலே நேராக மூளைக்குப் போய்விடும். நுரையீரல் காற்றை மட்டும் தருவதில்லை. அது ஒரு வடிகட்டியும்கூட. வடிகட்டியைத் தாண்டிவிட்ட கிருமி மூளையில் போய்த் தங்கும்.

மூளையில் தங்கிய கிருமி உடனே கட்டியாகிவிடாது. முதல் சில நாள்களுக்கு அந்த இடம் வெறுமனே வீங்கி, சொதசொதவென்று இருக்கும். இரண்டு வாரம் போனால்தான் சீழைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் கட்டி முடிக்கும். சுவர் வருவதற்கு முன் கத்தி வைத்தால் நல்ல மூளையும் சேர்ந்து வரும். ரொம்பக் காத்திருந்தால் கட்டி உடைந்து மூளையின் நீரறைக்குள் சீழ் கொட்டிவிடும். அப்படிக் கொட்டினால் பிழைப்பது அரிது. எப்போது வெட்டுவது என்பதுதான் கேள்வி. பார்க்க வழியில்லாதவர்களுக்கு அது ஒரு சூதாட்டம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க இந்தச் சூதாட்டம்தான். அமெரிக்காவில் வால்டர் டாண்டி 1926-ல், திறக்காதே, ஊசியால் உறிஞ்சினால் போதும் என்றார். பிரான்ஸில் க்ளோவிஸ் வின்சென்ட் 1936-ல், சுவரோடு முழுக்கட்டியையும் தூக்கிவிடு என்றார். இருவர் கட்சியிலும் ஆட்கள் இருந்தார்கள். இருவர் கையிலும் நோயாளிகள் இறந்தார்கள்.

பெனிசிலின் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். 1943-ல் ஃப்ளோரியும் மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கெய்ர்ன்ஸும் அந்தப் புதிய மருந்தை எடுத்துக்கொண்டு வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கே போனார்கள். தலையில் குண்டடி பட்ட வீரர்களின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. பெரிய சாதனைதான். ஆனால் மூளைச் சீழ்க்கட்டி வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அதற்குப் பிறகும், 1970-களின் தொடக்கம்வரை, இறந்துகொண்டேதான் இருந்தார்கள். மருந்து இருந்தது. கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, சுருங்குகிறதா வளர்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

1971 அக்டோபர் 1. லண்டனின் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணியின் தலையை காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் படம் எடுத்தது. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையைத் திறக்காமலே துண்டு துண்டாகப் பார்க்க முடிந்தது. அதுவரை மூளையின் நீரறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழல் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்த்து ஊகித்தார்கள். நோயாளிக்கு அது நரக வேதனை. சி.டி. வந்த பிறகு மூளைச் சீழ்க்கட்டியின் மரண விகிதம் சரிந்தது. உலகம் முழுவதிலிருந்தும் வந்த ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் கணக்குப் பார்த்தபோது, அறுபது வருடங்களில் இறப்பு 40 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. முழுசாகக் குணமாகிறவர்கள் 33 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடு ஆகியிருந்தார்கள்.

கத்தியும் சின்னதானது. இன்று பெரும்பாலான சீழ்க்கட்டிகளுக்கு மண்டையில் ஒரு சிறு துளை, கம்ப்யூட்டர் காட்டும் பாதையில் ஓர் ஊசி, உறிஞ்சிய சீழை லேபுக்கு அனுப்பி என்ன கிருமி என்று பார்ப்பது, பிறகு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியாக இருந்து நோயாளி தெளிவாக இருந்தால் சில சமயம் ஊசிகூட வேண்டாம். டாண்டியும் வின்சென்ட்டும் போட்ட சண்டையைத் தீர்த்து வைத்தது ஒரு கேமரா என்று சொல்லலாம்.

வேலூரில் அறுத்துப் பார்த்தவர்கள்

இந்தியாவின் கதை இன்னும் கொஞ்சம் வேறு. இங்கே சீழ்க்கட்டியோடு கூட இன்னொரு எதிரியும் இருந்தது. டி.பி.

நுரையீரலில் மட்டும் வருவது அல்ல டி.பி. மூளைக்குள்ளும் கட்டியாக வரும். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவர்கள் தலையைத் திறந்து எடுத்த கட்டிகளில் கணிசமானவை புற்று அல்ல, டி.பி. கட்டிகள். ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-ல் ஐசோநயாசிடும் வந்த பிறகுதான் அறுவை செய்தவர்களைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. டி.பி. நோயாளியை சானடோரியத்தில் வைக்க வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதும் சென்னைதான். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம் 1959-ல் அதை வெளியிட்டது.

இப்படி ஒரு பின்னணி இருக்கும் நாட்டில் சி.டி. ஸ்கேன் வந்து சேர்ந்தது. வந்த உடனே ஒரு புதிர். வலிப்பு வந்த இளைஞர்களைப் படம் எடுத்தால் பலருக்கு மூளையில் ஒரே ஒரு சின்ன வெள்ளை வளையம். சுற்றிலும் வீக்கம். மெஸ்ஸில் விழுந்தவனுக்கு இருந்த அதே வளையம்தான்.

இந்தியாவில் மூளையில் சின்னக் கட்டி என்றால் வேறென்ன, டி.பி.தான் என்று முடிவு கட்டினார்கள். மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. கண் மங்கியவர்கள் உண்டு. 'மூளை டி.பி.' என்ற பெயரால் கல்யாணம் நின்றவர்கள் எத்தனை பேரோ! வளையம் மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் மருந்து சாப்பிடாதவர்களுக்கும் அது மறைந்தது. அங்கேதான் சந்தேகம் வந்தது.

வேலூரில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடைய குழுவும் இந்தச் சின்ன வளையங்களை ஸ்கேன் உதவியோடு துல்லியமாகப் போய் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் டி.பி. இல்லை. இருந்தது ஒரு புழு. நாடாப்புழுவின் குட்டிப் பருவம், செத்துக்கொண்டிருக்கும் நிலையில். உயிரோடு இருக்கும்வரை அது மூளைக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். சாகும்போதுதான் உடம்பு அதைக் கண்டுபிடித்துத் தாக்கும். அந்தத் தாக்குதல்தான் வீக்கம். அந்த வீக்கம்தான் வலிப்பு. 1989-ல் லான்செட் இதழில் இது வெளியானது.

அறுத்துப் பார்த்தவர்கள்தான், இனி அறுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அதோடு விடாமல், யாருக்கு அறுக்க வேண்டாம் என்று கோடு போட்டும் கொடுத்தார்கள். ஒரே ஒரு கட்டி. 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. மூளையின் நடுக்கோட்டை அது தள்ளவில்லை. நோயாளிக்கு முதல் தொந்தரவு வலிப்பு. மண்டைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி இல்லை. கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடவில்லை. உடம்பில் வேறெங்கும் டி.பி. போன்ற நோய் இல்லை. இத்தனையும் பொருந்தினால் அது புழுதான் என்று நம்பலாம். வலிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். 1990-களில் சரிபார்த்து நிலைநிறுத்திய இந்த விதிகள் எத்தனை மண்டைகளைத் திறக்காமல் காப்பாற்றின என்று யாரும் எண்ணி முடிக்க முடியாது. நடக்காத அறுவைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ரெஜிஸ்டர் கிடையாது.

"நாங்க முட்டைகூடத் தொட மாட்டோம்"

டாக்டர் இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னார். புழு என்று கேட்டதும் அம்மாவுக்குத்தான் அதிர்ச்சி.

"என்ன புழு டாக்டர்?"

"நாடாப்புழு. பன்றிக்கறி மூலமா மனுஷனுக்கு வர்றது."

"ஐயோ சாமி! நாங்க முட்டைகூடத் தொட மாட்டோம் டாக்டர்."

இது டாக்டர் தினமும் கேட்கும் வசனம்போல. சிரிக்காமல் பதில் சொன்னார். சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்கு வலிப்பு வர வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் மலத்தில் அதன் முட்டைகள் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத முட்டைகள். வெளியில் மலம் கழித்தால் மண்ணில், தண்ணீரில், கீரைப் பாத்தியில் போய்ச் சேரும். கை கழுவாமல் சமைத்தால் சாப்பாட்டில் சேரும். அதைச் சாப்பிட்டவருக்குத்தான் மூளையில் புழு போகும். அவர் சைவமா அசைவமா என்று முட்டைக்குத் தெரியாது.

"பன்றி சாப்பிட்டவங்க ஒருத்தர், வலிப்பு வர்றது இன்னொருத்தருக்கு. பச்சைக் கொத்தமல்லியில வந்திருக்கலாம். சட்னியில வந்திருக்கலாம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது அம்மா."

வேலூர்ப் பகுதியில் வலிப்பு நோய் உள்ளவர்களைத் தேடிப் போய்ப் பார்த்த ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு என்று தெரியவந்தது. கழிப்பறையும் கை கழுவும் சோப்பும் நரம்பு அறுவைக் கருவிகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மை அதுதான்.

அப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஊரில் ஒரு டாக்டரிடம் போனில் கேட்டிருந்தார். அவர் "டி.பி.யா இருக்கும், மருந்து ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லியிருந்தார். இங்கே மார்பு எக்ஸ்ரே சுத்தம். எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை. வளையம் 12 மில்லிமீட்டர், கோடு 20-ல் இருக்கிறது. டாக்டர் வலிப்பு மாத்திரையோடு சில நாள்களுக்கு ஆல்பென்டசோலும் ஸ்டீராய்டும் எழுதினார். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் என்றார். பைக் ஓட்டக்கூடாது, கிணற்றில் நீந்தக்கூடாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது.

கடைசியாக அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டது வேறு. "வெளிய தெரியணுமா டாக்டர்? இவன் அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கறோம்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆனா ஹாஸ்டல்ல கூட இருக்கற பசங்களுக்குத் தெரியணும். அடுத்த தடவை வந்தா பக்கத்துல இருக்கப்போறது அவங்கதான்" என்றார்.

எதிரி மாறிக்கொண்டே இருக்கிறது

வெட்ட வேண்டாம் என்பதையே ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. 2021 அதைக் காட்டியது.

கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று பத்திரிகைகள் எழுதிய மியூகர் தொற்று நாடு முழுக்கப் பரவியது. ஜூன் இறுதிக்குள் 40,000 பேருக்கு மேல். தமிழ்நாடு அரசு மே மாதத்திலேயே அதை, கண்டவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கட்டுப்படாத சர்க்கரை, அதோடு கொரோனாவுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்த உடம்பில் அந்தப் பூஞ்சை மூக்கில் இறங்கி, சைனஸைத் தின்று, கண்ணுக்குப் பின்னால் போய், மூளையைத் தொட்டது.

இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. எவ்வளவு ஆம்ஃபோடெரிசின் ஏற்றினாலும் செத்த சதையில் அது சேராது. அதனால் இங்கே கத்திதான் முதல் மருந்து. காது மூக்கு தொண்டை, கண், பல், நரம்பு என்று நான்கு துறை சர்ஜன்களும் ஒரே மேஜையைச் சுற்றி நின்று அறுத்தார்கள். உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. பலருக்கு இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. மண்டையைத் திறக்காமல் ஊசியோடு நிறுத்தப் பழகிய கைகள் மறுபடி பெரிய கத்தியை எடுத்தன.

மற்ற எதிரிகளும் மாறிவிட்டார்கள். காதில் சீழ் வடியும் குழந்தைகள் குறைந்தார்கள். கூடவே காதுவழிச் சீழ்க்கட்டியும் பல இடங்களில் குறைந்தது. நீலக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே இதய அறுவை நடப்பதால் அந்த வழியும் சுருங்குகிறது. ஹிப் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி, ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியின் பகுதியாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் முதலில் வந்தது. ஆனால் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, முன்பு சர்ஜன்கள் பெயர்கூடக் கேட்டிராத பூஞ்சைகளும் ஒட்டுண்ணிகளும் மூளைக்குள் வருகின்றன.

எல்லாவற்றிலும் சங்கடமானது ஒன்று. மூளை அறுவைக்குப் பிறகு, தலைக்குள் வைத்த குழாய் வழியாகவே தொற்று வருவது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையாத ஐ.சி.யூ. கிருமிகள். முன்பு தொற்று வந்ததால் அறுவை நடந்தது. இப்போது சில சமயம் அறுவை நடந்ததால் தொற்று வருகிறது. சளிக்கெல்லாம் கடையில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரைகள் கடைசியில் வந்து சேரும் இடங்களில் இதுவும் ஒன்று.

மறுபடி ஸ்கேன்

மூன்று மாதம் கழித்து அவன் வந்தபோது வளையம் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆறாவது மாதம் வளையமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு மிளகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒன்று நின்றுவிட்டது. சுண்ணாம்புத் தழும்பு.

"சுத்தமா மறைஞ்சிருந்தா மாத்திரைய சீக்கிரம் நிறுத்தியிருக்கலாம் தம்பி. தழும்பு இருந்தா மறுபடி வலிப்பு வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. இன்னும் கொஞ்ச காலம் சாப்பிடு" என்றார் டாக்டர்.

அப்பா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையாவது எடுத்துடலாமா டாக்டர்?"

"செத்துப்போன புழுவோட சமாதி அது. அதுக்காக உங்க பையன் தலைய ஏன் திறக்கணும்?"

இந்தத் தடவை அப்பாவின் முகம் விழவில்லை. ஃபிலிமை உறையில் போட்டு, மடங்காமல் பையில் வைத்துக்கொண்டார். அக்காவுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களா என்று தெரியாது. ஹாஸ்டலில் மட்டும் சொன்னான். அவனே அறையில் உட்காரவைத்துச் சொன்னான். சாவி கொடுத்தவன் ரொம்ப நேரம் வாதாடினான். "நான் குடுத்ததும் நின்னுச்சேடா!" என்றான். "குடுக்காட்டியும் நின்னிருக்கும்" என்றான் அவன். டி.பி. மருந்து சாப்பிட்டு வளையம் மறைந்த கதையும் அதுதானே. இருவருக்கும் அது தோன்றவில்லை.

அவன் சொன்னதை இங்கேயும் எழுதி வைப்பது நல்லது. யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. முதல் தடவை வந்த வலிப்பு தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் குழந்தைக்குக் காது ஒழுகினால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கீரையையும் கொத்தமல்லியையும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சாப்பிடும் முன்னாலும் கழிப்பறை போய்வந்த பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சாவி சாவியாகவே இருக்கட்டும். அது பூட்டுக்கு.